சென்றாயன் அறுத்த கயிறு

ஒரு கயிற்றுக்காக மூன்று பேர் சண்டை போட்டார்கள். மூன்று பேரும் யோக்கியர்கள். அதுதான் சங்கடம். ஒருவனாவது அயோக்கியனாக இருந்திருந்தால் வழக்கு பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும், நமக்கும் கதை கிடைத்திருக்காது.

போடிக்கு மேலே ஏலத் தோட்டங்களில் மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். ஏலச் செடிக்குக் காலை வெயில் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விட்டுவைப்பது என்பதை மரத்தில் ஏறியவன்தான் முடிவு செய்ய வேண்டும். சென்றாயன் அதில் கெட்டிக்காரன். அவன் கை வைத்த மரம் பட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவனிடம் கயிறு இல்லை. பழையது நைந்துவிட்டது. போடியில் சொல்லிவைத்த புதுக் கயிறு வியாழக்கிழமை ஜீப்பில்தான் வரும்.

லூர்துசாமியிடம் கயிறு இருந்தது, ஆனால் அவனுக்கு அன்று காய்ச்சல். அவனும் மரமேறிதான். முறிந்து தொங்கும் பெருங்கிளைகளை இறக்குவதில் அந்த மலையில் அவனுக்கு நிகர் கிடையாது. எலி கடித்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஒரு வருஷம் முழுக்க ஏறிய ஆள் அவன். இப்போதுதான் புது நைலான் கயிறு வாங்கி, ஒரு வாரமாக அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

“லயத்து வீடுங்களுக்கு மேல முறிஞ்சு தொங்குற நாவ மரத்துக் கிளைய நாளைக்கு நான் இறக்கணும். கயிறு போன மாதிரியே வரணும். ஒரு பிசிறு இருக்கக் கூடாது” என்று சொல்லித்தான் சென்றாயனிடம் கொடுத்தான்.

“வரும்ண்ணே. இது என் வாக்கு” என்று சென்றாயன் வாங்கிக்கொண்டு போனான்.

மரமேறிகள் மேலே போகப் போக, கயிற்றை அவிழ்த்து, கிளை பிரியும் அடுத்த கவையில் கட்டிக்கொண்டே போவார்கள். அப்படிக் கட்டினால் கால் வழுக்கினாலும் அதிகம் விழ இடமிருக்காது. ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் கயிறு சொரசொரப்பான பட்டையில் உரசும். சென்றாயன் அதை நினைத்து, இரண்டு கவைகளில் கட்டாமலே தாண்டினான். மூன்றாவதற்குக் கை நீட்டும்போது பாசியில் கால் வழுக்கியது. இரண்டு ஆள் உயரம் விழுந்தான். இடுப்புவார் விலாவை நெரித்தது. கயிறு விண்ணென்று இழுத்து நிறுத்தியது.

யாரும் பார்க்கவில்லை. பனிமூட்டம் வேறு. கிளை பொறுக்கும் பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்த ஆளைத் தாங்கிய கயிற்றில் மறுபடி ஆள் ஏறக் கூடாது. உள்ளே எந்த இழை விட்டுப்போயிற்று என்பது வெளியே தெரியாது. அதனால் அன்றைக்கே முழம் முழமாகத் துண்டு போட்டுவிடுவார்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள் என்ற பயம்.

சென்றாயன் மரத்தடியில் உட்கார்ந்து கயிற்றை மூன்று முறை விரலால் உருவிப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை. சுருட்டிக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, வாக்கும் நிற்கும். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கயிற்றை முழுசாகக் கொடுக்கலாமா என்றும் யோசித்தான். எலி கடித்த கயிறு ஞாபகம் வந்தது. வெட்டுக்கத்தியை எடுத்து, கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்து, சாக்கில் போட்டு லூர்துவின் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

நடந்ததைக் கேட்ட லூர்துவுக்குக் காய்ச்சல் பறந்துவிட்டது. “ஏன்டா, என் பொருளை அறுக்க நீ யாரு? நடந்ததச் சொல்லி என் கையில குடுத்திருக்கணும். அறுக்கிறதா வேணாமானு நான்ல முடிவு பண்ணணும்? உன் வாக்கு இதானா?”

தகவல் தெரிந்து மேஸ்திரி ஒச்சப்பன் ஓடிவந்தார். அந்த நாவல் கிளைக்கு அடியில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் எட்டு. அதில் ஒன்றில் அவர் மகள் பச்சைப் பிள்ளையோடு இருந்தாள். “நாளைக்கு ஒரே ஒரு தடவை ஏறிட்டு அப்புறம் அறுத்திருக்கலாமேப்பா! கிளை விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“எட்டு வீட்டையும் ஸ்டோருக்கு மாத்துங்க மேஸ்திரி. என் கயிறு வந்ததும் முதல்ல அண்ணனுக்குத்தான்” என்றான் சென்றாயன்.

மாற்றினார்கள். ஏலக்காய் காயவைக்கும் அந்த ஸ்டோரின் புழுக்கத்தில் பிள்ளைகள் அழுதன, பெரியவர்கள் சென்றாயனைத் திட்டினார்கள். கிளையோ அசையவே இல்லை. வெள்ளிக்கிழமை லூர்து சென்றாயனின் புதுக் கயிற்றைக் கட்டி ஏறி, கிளையைப் பத்திரமாக இறக்கினான். விழாத கிளைக்கு இத்தனை அமர்க்களமா என்று லயமே கேட்டது.

என் பொருளை நான்தான் அறுக்க வேண்டும் என்ற லூர்து, ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்ற மேஸ்திரி, கேட்காமல் அறுத்த சென்றாயன்: இதில் யார் பக்கம் நியாயம்? சென்றாயன் வாக்குத் தவறியது எந்த இடத்தில்?

விடை: கிளைக்கு அடியில் இருக்கும் வீட்டைக் காலி செய்யலாம். கயிற்றில் தொங்குபவனை எங்கே மாற்றுவது? ஆகவே மேஸ்திரியின் பயம் நியாயம், யோசனை தப்பு. பொருள் லூர்துவுடையது என்பது உண்மை. ஆனால் அதில் அடுத்து ஏறப்போகிறவனும் அவனே, அவன் எப்படிப்பட்ட ஆள் என்று எலிக்குக்கூடத் தெரியும். அறுத்தது சரி. வாக்கு கத்தி படுவதற்கு முன்பே போய்விட்டது. அவன் விழுந்த நொடியிலேயே அந்தக் கயிறு ‘போன மாதிரி’ இல்லை, முழுசாகத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதுதான் பொய். சென்றாயன் செய்த தப்பு ஒன்றே: கட்டாமல் தாண்டிய அந்த இரண்டு கவைகள். அவன் வாக்கைக் காப்பாற்றப் போய்த்தான் விழுந்தான். பிசிறு விழக் கூடாது என்று மரமேறியிடம் கேட்டதும் குற்றம், ஒப்புக்கொண்டதும் குற்றம். இதை இருவரும் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. வெள்ளிக்கிழமை கயிற்றைக் கொடுக்கும்போது சென்றாயன் சொன்னது இவ்வளவுதான்: “ஒவ்வொரு கவையிலயும் கட்டுண்ணே.” சாயங்காலம் அந்தக் கயிறு திரும்பி வந்தபோது, அடி முதல் நுனி வரை பிசிறாக இருந்தது.