நீர்நாய் சொன்னதும் காட்டுப்பன்றி கேட்டதும்

காட்டு ஏரி ஒன்றில் மின்னி என்ற நீர்நாய் வாழ்ந்தது. அதற்குக் கூர்மையான கண். அதைவிடக் கூர்மையான புத்தி. ஆனால் பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று மட்டும் அதற்குத் தெரியாது.

அந்த ஏரிக்கு ஒரு பக்கம் உயரமான மண்கரை இருந்தது. எந்தக் காலத்திலோ மனிதர்கள் கட்டிவிட்டுப் போன கரை அது. கரைக்கு மறுபக்கம் பெரிய பள்ளம். கோரன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு அங்கேதான் குடியிருந்தது. முயல்களும் முள்ளம்பன்றிகளும் அதே பள்ளத்தில் வளை தோண்டி வாழ்ந்தன. கிழங்குக்குக் குறைவில்லை, நிழலுக்கும் குறைவில்லை. அதனால் அந்த இடத்தை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

கோடை முடியப்போகும் நேரம். மின்னி ஒரு கெண்டை மீனைத் துரத்திக்கொண்டு கரையோரமாக முங்கியது. மீன் தப்பிவிட்டது. ஆனால் கரையின் அடியில் ஒரு துளை தெரிந்தது. நண்டு தோண்டிய வளை. மின்னி அதன் வாயில் கையை வைத்துப் பார்த்தது. தண்ணீர் சுர்ரென்று உள்ளே இழுத்தது!

மின்னிக்குத் திக்கென்றது. ‘ஏரி பாதிகூட நிறையலை. இப்பவே இப்படி இழுக்குதே! மழை வந்து ஏரி நிரம்பினா இந்தக் கரை உடைஞ்சிடும். பள்ளத்துல இருக்கிற ஒருத்தரும் பிழைக்க மாட்டாங்க!’

அன்று சாயங்காலம் மிருகங்கள் எல்லாம் தண்ணீர் குடிக்க வந்தன. மின்னி ஒரு பாறை மேல் ஏறி நின்றது.

“எல்லாரும் கேளுங்க! இந்த ஏரியைப் பத்தி உங்கள்ல யாருக்காவது முழுசாத் தெரியுமா? தெரியாது! எனக்குத் தெரியும். ஏன்னா நான் அடி வரைக்கும் போய்ப் பார்க்கிறவ. முதல்ல மண்ணைப் பத்திச் சொல்றேன். மண்ணுல களிமண்ணுன்னு ஒண்ணு இருக்கு, மணல்மண்ணுன்னு ஒண்ணு இருக்கு...”

மான்களின் காதுகள் புதர்ப் பக்கமே திரும்பியிருந்தன. சிறுத்தை வரும் நேரம் அது.

“சீக்கிரம் குடிங்க, சீக்கிரம்!” என்று கிளைச்சி என்ற பெண்மான் தன் கூட்டத்தை அவசரப்படுத்தியது.

“அது என்ன சொல்லுது?” என்று ஒரு முயல் கேட்டது.

“மண்ணைப் பத்தி ஏதோ சொல்லுது. வா, போகலாம்!” என்றது இன்னொரு முயல்.

மின்னி களிமண்ணை முடித்து, மணலை முடித்து, நண்டுகளில் எத்தனை வகை என்று விளக்கி, ஒருவழியாகத் துளைக்கு வந்து சேர்ந்தது. அப்போது கரையில் ஒரே ஒரு தவளைதான் மிச்சம். அதுவும் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

“முக்கியமான விஷயத்துக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் போயிட்டாங்களே!” என்று மின்னி வாலால் பாறையை அடித்தது.

மறுநாள் அது பள்ளத்துக்கே போனது. ‘இன்னைக்குச் சுருக்கமாச் சொல்லிடணும்’ என்று நினைத்துக்கொண்டது. சுருக்கமாகத்தான் சொன்னது.

“இந்தப் பள்ளத்துல குடியிருக்கிறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா? கண்ணு இருந்தும் குருடங்க மாதிரி இருக்கீங்க! உடனே வந்து கரையில இருக்கிற ஓட்டையை அடைங்க!”

கோரனின் முதுகு மயிர் சிலிர்த்து எழுந்தது. “ஏய்! எங்க பாட்டன் காலத்துலேருந்து நாங்க இங்க இருக்கோம். நீ போன மழைக்கு ஆத்துலேருந்து வந்தவ. நீயா எங்களுக்கு அறிவு சொல்ல வந்துட்டே? போ வெளியே!”

கோரன் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. மின்னி ஒரே ஓட்டமாக ஓடி ஏரிக்குள் குதித்தது.

அது நீருக்கு மேலே மூக்கை நீட்டி மூச்சு வாங்கியபோது, கரைமேல் ஒரு ஆட்காட்டிக் குருவி கீச்சென்று கத்தியது. தூரத்தில் ஏதோ நிழல் ஆடியதைப் பார்த்துவிட்டது போலும். அந்த ஒற்றைக் கத்தலுக்கு மான், முயல், மயில் எல்லாம் நாலாபக்கமும் சிதறி ஓடின.

மின்னிக்குப் பொறாமை தாங்கவில்லை. ‘இத்தனூண்டு குருவி! ஒரு கத்தல்தான் கத்துச்சு. காடே ஓடுது! சரி, நானும் கத்துறேன்.’

அது கரை உச்சிக்கு ஏறி, தொண்டை கிழியக் கத்தியது. “கரை உடையுது! கரை உடையுது! ஓடுங்க!”

பள்ளம் முழுக்க அலறல். பன்றிகள் குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்து ஓடின. எல்லாம் மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தன.

கரை அப்படியே நின்றது.

“எங்க உடையுது?” என்று கோரன் உறுமியது.

“இப்ப உடையலை... மழை வந்தா உடையும்” என்றது மின்னி.

“பொய்க்காரி!” என்று கால் சுளுக்கிய முயல் ஒன்று அழுதது. “பொய்க்காரி! பொய்க்காரி!” என்று மற்றவையும் கத்தின. அதன் பிறகு மின்னி எதிரே வந்தாலே மிருகங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மின்னி குருவியிடம் போய் நின்றது. “நீ கத்தினா எல்லாரும் கேட்கிறாங்க. நான் கத்தினா மட்டும் ஏன் கேட்கமாட்டேங்கிறாங்க?”

குருவி சிறகைக் கோதிக்கொண்டே சொன்னது. “எனக்கு ஒரே வேலைதான். ஓடணும்னா கத்துவேன். உனக்கு அவங்க ஓடக் கூடாது, நின்னு வேலை செய்யணும். அதுக்குக் கத்தி என்ன பிரயோஜனம்? வேற என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதும்மா. நானும் அதைச் செஞ்சதில்லை.”

‘கேட்காதவங்க எப்படியோ போகட்டும். நான் ஆத்துக்கே திரும்பிப் போறேன்’ என்று முடிவு செய்து மின்னி கிளம்பியது. கரைமேல் நடந்து போகும்போது கீழே பள்ளம் தெரிந்தது. கோரனின் குட்டிகள் சேற்றில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறின.

மின்னியால் அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

‘எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொன்னேன். திட்டினேன். கத்தினேன். ஆனா அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு ஒரு தடவைகூட நான் கேட்கலையே!’

வெயில் உச்சிக்கு வந்தது. அந்த நேரத்தில் சிறுத்தை வராது. கோரன் வயிறு நிறையக் கிழங்கு தின்றுவிட்டுச் சேற்றில் சாய்ந்து படுத்திருக்கும். மின்னி மெல்ல இறங்கிப் போய், கொஞ்சம் தள்ளியே நின்றது.

“கோரன் அண்ணே, என்னை மன்னிக்கணும். குட்டிங்களைப் பயமுறுத்திட்டேன். நான் பேசினதும் தப்புதான்.”

கோரன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. “ம்” என்றது.

“சேறு நல்லாக் குளுகுளுன்னு இருக்கு போல?”

சேற்றைப் பற்றிப் பேசினால் எந்தக் காட்டுப்பன்றிதான் சும்மா இருக்கும்? கோரன் எழுந்தே உட்கார்ந்துவிட்டது.

“அதை ஏன் கேக்கிறே! இந்தக் கோடையில அதிசயமே இதுதான். எப்பவும் இந்த நேரத்துக்குக் காஞ்சு வெடிச்சுப் போயிடும். குட்டிங்க வெயில் தாங்காமத் தவிக்கும். போன கோடையில ஒரு குட்டியைப் பறிகொடுத்தேன். இந்தத் தடவை பாரு, மழையே இல்லை, சேறு காயவே இல்லை! நாளுக்கு நாள் பெருகிட்டே வருது!”

மின்னிக்கு நாக்கு துறுதுறுத்தது. களிமண், மணல், நண்டு எல்லாம் வாய்வரை வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது.

“மழையே இல்லாம இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, அண்ணே?”

கோரன் சேற்றை மூக்கால் கிளறிப் பார்த்தது. “ஊத்தா இருக்கும்” என்றது கடைசியில்.

“இருக்கலாம். பார்த்துடுவோமா? நீங்க கரையோட அடியிலேயே கண்ணு வெச்சுட்டு இருங்க.”

பக்கத்தில் ஒரு கொன்றை மரம் மஞ்சளாகப் பூத்து நின்றது. மின்னி ஒரு கொத்தைக் கவ்விக்கொண்டு கரையைத் தாண்டிப் போய் ஏரிக்குள் முங்கியது. துளை வாயில் பூக்களை உதறிவிட்டது. தண்ணீர் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது.

மின்னி மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது கோரன் அசையாமல் நின்றிருந்தது. கரையின் அடியில் ஒரு வெடிப்பிலிருந்து செந்நிறத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மஞ்சள் இதழ் எட்டிப் பார்த்தது. அடுத்து இன்னொன்று. பிறகு ஒரு முழுப் பூவே வந்து சேற்றில் விழுந்தது.

“இது ஏரித் தண்ணி!” என்றது கோரன். அதன் குரல் இறங்கிப் போயிருந்தது. “கரையைத் தின்னுட்டு வருது. மண்ணு கரைஞ்சு சிவப்பா வருது பாரு! மழை பெஞ்சு ஏரி நிறைஞ்சா...”

கோரன் தன் குட்டிகளைப் பார்த்தது. “மின்னி, இப்ப நாம என்ன செய்யணும்?”

இந்த ஒரு கேள்விக்காகத்தானே மின்னி இத்தனை பாடுபட்டது!

“துளையை உள்பக்கம் நான் அடைக்கிறேன். அதுக்குக் களிமண் வேணும். வெளிப்பக்கம் கல்லும் மண்ணும் போட்டு மிதிக்கணும். மேகம் கூடுறதுக்குள்ள முடிச்சாகணும்” என்று சொல்லி நிறுத்தியது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோரன் மேட்டில் ஏறி எல்லோரையும் கூப்பிட்டது. அது கூப்பிட்டால் வராத மிருகம் கிடையாது. முயல்களும் முள்ளம்பன்றிகளும் வந்து பூவைப் பார்த்தன, கசிவைப் பார்த்தன. “ஐயையோ!” என்று வேலைக்குக் கிளம்பின.

கிளைச்சி மட்டும் மறுப்பாகத் தலையை அசைத்தது. “நாங்க மேட்டுல இருக்கோம். எங்களுக்கு இதுல என்ன?”

“என்னடி பேச்சு இது!” என்று கோரன் பாயப் பார்த்தது. மின்னி குறுக்கே வந்து நின்றது.

“கிளைச்சி அக்கா, தண்ணி குடிக்க வர்றப்போ உங்களுக்கு எதுக்கு ரொம்பப் பயம்?”

“சிறுத்தைக்குத்தான். வேற எதுக்கு?”

“இங்க ஒரு பக்கப் புதரைப் பார்த்துக்கிட்டாப் போதும். ஏரி உடைஞ்சா தண்ணியெல்லாம் ஓடிடும். அப்புறம் தினமும் ஆத்துக்குத்தான் போகணும். அங்க ரெண்டு கரையிலும் அடர்ந்த புதர்.”

கிளைச்சியின் காதுகள் விறைத்தன. “எந்த இடத்துல மிதிக்கணும்னு சொல்லு!” என்று அது கூட்டத்தோடு இறங்கி வந்தது.

முள்ளம்பன்றிகள் களிமண்ணைத் தோண்டித் தள்ளின. முயல்கள் அதைப் பின்னங்கால்களால் உருட்டிக் கொடுத்தன. மின்னி களிமண்ணையும் புல்வேரையும் பிசைந்து, முங்கி முங்கித் துளைக்குள் திணித்தது. பன்றிகள் கல்லைக் கல்லாக முட்டிக் கொண்டுவந்தன. மான்கள் மேலே நின்று குதித்துக் குதித்து மண்ணை இறுக்கின. கோரனின் மூக்கில் ரத்தம் கசிந்தது. அது நிற்கவே இல்லை. “இன்னும் ஒரு கல்! இன்னும் ஒண்ணு!” என்று முட்டிக்கொண்டே இருந்தது.

கடைசிக் கல் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வானம் கறுத்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி மளமளவென்று ஏறியது. குட்டிகளை மேட்டில் நிறுத்திவிட்டு எல்லா மிருகங்களும் கரையையே பார்த்துக்கொண்டு நின்றன. அலை வந்து மோதியது. மறுபடி மோதியது. மின்னி வெளிப்பக்கம் ஓடி, கல்லின் இடுக்கில் காதை வைத்துக் கேட்டது.

“கசியலை!” என்று கூவியது. “ஒரு சொட்டுக்கூடக் கசியலை!”

பள்ளமே அதிரும்படி எல்லாம் ஆர்ப்பரித்தன. கோரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவே வந்து நின்றது.

“பார்த்தீங்களா! கரை ஓட்டையை நான் அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாம் என் யோசனை!”

ஆட்காட்டிக் குருவி பறந்து வந்து மின்னியின் பக்கத்தில் இறங்கியது. “கேட்டியா? உன் யோசனையைத் தன்னோடதுங்கிறான். உனக்குக் கோபம் வரலையா?”

“கொஞ்சம் வருது” என்று மின்னி சிரித்தது. “ஆனா தன்னோடதுன்னு நினைச்சதாலதான் அவர் மூக்கு கிழியக் கல்லு முட்டினார். கரை நிக்குது. எனக்கு அது போதும்!”

சொல்லிவிட்டு, நிறைந்த ஏரிக்குள் அது துள்ளிக் குதித்தது.

நாம் சொல்வது எவ்வளவு சரியாக இருந்தாலும், கேட்பவரின் நேரமும் கவலையும் அறிந்து, அவர் தன் கண்ணாலேயே காணும்படி சுருக்கமாகச் சொன்னால்தான் அது அவர் மனதில் இறங்கும்.