உடனே ஒரு கும்பிடு

திருப்பூர் கம்பெனி ஒன்றில் பனியன் மடிக்கிற கோமளா, போனும் கையுமாக அகப்பட்டுக்கொண்டாள். சூப்பர்வைசர் பொன்னுரங்கம் அவளை முதலாளியம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு உடம்பு வளையாதுங்கம்மா. காலையிலிருந்து எத்தனை தடவை, எதுக்குப் போனைப் பார்த்தாள்னு ஒண்ணு விடாம சொல்லட்டும். இல்லேன்னா இன்னையோட நிறுத்திடுங்க."

கோமளா தலை நிமிராமல் போனை நீட்டினாள். "பதினேழு தடவைங்கம்மா. பதினேழும் உழைப்பைப் பத்தி நம்ம சூப்பர்வைசர் அண்ணன் வாட்ஸ்அப் குரூப்புல போட்ட அறிவுரைங்க. உடனே கும்பிடு போடலேன்னா மரியாதை இல்லேன்னு சத்தம் போடுவாருங்க."

முதலாளியம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அத்தனையும் வேலை நேரத்தில் அனுப்பியவை.

"நீ போய் வேலையைப் பாரும்மா" என்றவர், பொன்னுரங்கத்திடம் கையை நீட்டினார். "உங்க போனைக் கொடுங்க. சாயங்காலம் வாங்கிக்கலாம். மடிக்கிற மேசையில இன்னும் ஒரு ஆள் குறையுது, போய் நில்லுங்க."