புரட்டாசி பத்து

"சாமி, நீங்கதான் ஒரு நல்ல நாள் குறிச்சுத் தரணும்."

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இப்படித்தான் ஆரம்பித்தார். செருப்பில்கூட ஒன்றைத்தான் கழற்றியிருந்தார்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய குரு குமரேச சாமிக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. அதனால் என்ன? சீடர் "சாமி" என்பார், குரு "அண்ணாச்சி" என்பார். தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் யாரும் இதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன விசேஷத்துக்கு அண்ணாச்சி?"

"மக கோமதிக்குப் பிரசவம் சாமி. பிள்ளை குறுக்க கெடக்காம். ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. நாளும் குறிச்சுட்டாங்க."

"குறிச்சாச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

"புரட்டாசி பத்துல்லா குறிச்சிருக்காங்க!"

 அவருடைய மூத்த மகன் சங்கரன் ஒரு புரட்டாசி பத்தாம் தேதிதான் காய்ச்சலில் போனான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"எங்க அப்பா போனதும் அதே தேதி. வீட்டுச் சுவர் இடிஞ்சு விழுந்ததும் அதே தேதி. அந்த நாள் எங்களுக்கு ஆகாது சாமி. போனதெல்லாம் போகட்டும். இந்தப் பச்சைப் பிள்ளையையும் அதுகிட்ட கொண்டுபோய்க் குடுக்க முடியாது."

சாமி பூசைப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நான் பொறந்தது என்னைக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாதே சாமி."

"எப்படித் தெரியும்? வருஷா வருஷம் அன்னைக்கு மட்டும் நீங்க மடத்துப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கிறதில்லையே."

மாசிலாமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயையோ!"

"அப்போ நானும் ஆகாதவன்தானா?"

"சிவசிவா! சாமி வேற, நாங்க வேற."

"நாள் ஒண்ணுதானே?"

 மாசிலாமணி பிடிவாதத்தை விடவில்லை.

"மனசு கேக்க மாட்டேங்குதே சாமி. மறுநாள் வச்சாக்கூடப் போதும்."

"வச்சுக்கலாம். முதல்ல போய், ஏன் அன்னைக்குன்னு நாள் குறிச்சவங்ககிட்டயே கேளுங்க. கேட்ட பிறகும் மாத்தணும்னு தோணுச்சுன்னா வாங்க, குறிச்சுத் தாரேன்."

அவ்வளவுதான். சாமி அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

மாசிலாமணி நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கேட்டார்.

"நான் எங்க குறிச்சேன்?" என்றார் டாக்டரம்மா. "அந்த வாரத்துல எந்த நாள்னாலும் பரவாயில்லைன்னுதான் சொன்னேன். உங்க பொண்ணுதான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினா."

 மாசிலாமணிக்குப் பொல்லாத கோபம் வந்தது. அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உங்க அண்ணன் போன நாளுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சுதாம்ப்பா கேட்டேன்."

"எதுக்கு?"

கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"ஒவ்வொரு வருஷமும் அன்னைக்கு நீங்க பச்சைத் தண்ணி பல்லுல படாமக் கெடக்கீங்க. அம்மாவும் ஆக்கி ஆக்கி வச்சுட்டு அழுதுட்டே கொண்டுபோய்க் கொட்டுறா. யாரு சொல்லியும் நீங்க கேக்கல. பேரப்பிள்ளை பொறந்த நாள்னா ஒரு வாய் பாயசமாவது குடிச்சுத்தானேப்பா ஆகணும்?"

மாசிலாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"சீனி மட்டும் கம்மியாப் போடச் சொல்லு உங்கம்மாகிட்ட" என்றார்.