ஓஸ்தி ஓரம்

"என்னைய வீட்டுக்கு அனுப்பிருங்க மதர்."

மதர் தெக்லா நிமிரவில்லை. கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பஸ் சாயங்காலம்தானே? அதுவரைக்கும் இந்த மாவைக் கரை. கட்டி விழாம கரைக்கணும்."

விண்ணரசி பையை வாசலில் வைத்துவிட்டு மாவில் கைவிட்டாள்.

கடற்கரையை ஒட்டிய கன்னியர் மடம் அது. சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் பூசைக்கு வேண்டிய அப்பம், அதாவது ஓஸ்தி, அங்கேதான் சுடுவார்கள். துறவுக்குப் பழக வந்த பெண்களை மதர் தெக்லாதான் பழக்கிவந்தார். பழகி முடித்து, துறவியாக வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்தியும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். சின்ன வயதில் ஆண்டவர் தன்னை எப்படி அழைத்தார் என்று சொல்ல வேண்டும். அந்த மடத்து வழக்கம் அப்படி.

வருகிற ஞாயிறு விண்ணரசியும் நிற்க வேண்டும்; அவள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல மதர்."

"மத்தவளுகளுக்கு?"

"ஆக்னஸ் அஞ்சு வயசுலயே துண்டை முக்காடு போட்டுக்கிட்டு, 'நான் சிஸ்டர்'னு தெருவெல்லாம் திரிஞ்சாளாம். ரொசாரியா பொம்மைகளை வரிசையா உட்கார வச்சு, அப்பளத்தை உடைச்சு, பூசையில சாமியார் நாக்குல வைக்கிற மாதிரி நற்கருணை கொடுத்தாளாம்."

"பொம்மையெல்லாம் நாக்கை நீட்டுச்சாமா?"

விண்ணரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் கோயில்ல தூங்குவேன் மதர். உபதேசியார் காதைத் திருகித்தான் எழுப்புவாரு. விசுவாசப் பிரமாண செபம் பாதியில மறந்துபோகும். தெருவுல இறங்கினா சண்டை. ஊர்ல எனக்குப் பேரே கெளுத்தி."

"கெளுத்தி மீனா?"

"தொட்டா முள்ளு குத்தும்ல. அதான்."

மதர் சட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தண்ணி."

"ஒரு கதை கட்டிக்கூடப் பார்த்தேன். மாதா கனவுல வந்து கூப்பிட்டாங்கன்னு."

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

"ஊதா."

"ஊதாவா? அவங்களுக்கு அந்தக் கலர் எடுக்காதே."

"கிண்டல் பண்ணாதீங்க மதர். சொல்லிப் பார்க்கையிலயே எனக்குக் கூசிருச்சு. பொய்யைச் சொல்லிட்டுப் பீடத்துக்கு முன்னால எப்படி நிக்க? உண்மையைச் சொன்னா, அந்தக் கெளுத்தியை ஆண்டவர் எதுக்குக் கூப்பிடப் போறாரு? அவரு வேற எவளையோ கூப்பிட்டிருக்காரு. நான் திரும்பிப் பார்த்துட்டேன். அவ்வளவுதான்."

மதர் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்பு அச்சைக் கண்ணால் காட்டினார்.

விண்ணரசி மாவை ஊற்றி, அச்சை மூடி, தகடு தகடாகச் சுட்டாள். மனசு வேறெங்கோ இருந்ததில் சில தகடுகள் கருகிப் போயின. மற்றதை வட்ட வட்டமாக வெட்டி எடுத்தாள். வெட்டியது போக மிஞ்சிய ஓரத் துண்டுகளைத் தாம்பாளத்தில் சேர்த்தாள். பூசையில் வைக்காத வெறும் அப்பம்தான் அது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் தின்பண்டம்.

மத்தியான மணி அடித்தது. பின்பக்க ஜன்னலில் கைகள் முளைத்தன.

"நீயே கொடு" என்று மதர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா எனக்கு!"

"எனக்கு, எனக்கு!"

"அக்கா, இவன் முன்னாலயே வாங்கிட்டான்!"

விண்ணரசி தாம்பாளத்தைப் பார்த்தாள். கருகியது போக இருப்பது கொஞ்சம். கூட்டமோ பெரிசு.

"ஏலே, கையை வெளிய இழு! சப்பி முடிச்ச வாயோட மறுபடியும் வந்து நிக்கிற, எனக்குத் தெரியாதாக்கும்? போ அங்கிட்டு. ஏட்டி பச்சை ரிப்பன், பின்னால நின்னு என்னத்த வேடிக்கை பாக்க? முன்னால வா. அவளுக்கு வழி விடுங்கல!"

திட்டத் திட்ட, அவள் விரல்கள் ஒவ்வொரு துண்டையும் இரண்டாக, நாலாக உடைத்துக்கொண்டே இருந்தன. ஜன்னல் காலியானபோது தாம்பாளமும் காலி. ஒட்டியிருந்த தூளை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"உனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கலாம்ல?" என்றார் மதர்.

"அதெப்படி மதர்? பங்கு வைக்கிறவ கடைசியிலதானே எடுக்கணும்?"

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"இதையெல்லாம் யாரு சொல்லணும்? அம்மா மீன் கூடையைத் தூக்கிட்டு யாவாரத்துக்குப் போயிருவா. குழம்புச் சட்டி என் பொறுப்பு. எனக்குக் கீழ நாலு உருப்படி. முதல்ல நான் எடுத்தேன்னா கண்ணு பெரிய துண்டுக்குத்தான் போகும். அதான் கடைசியில எடுப்பேன்."

"மிஞ்சுமா?"

"சில நாள் மிஞ்சாது. குழம்பு இருக்கும்ல."

"அழுதிருக்கியா?"

"ஆரம்பத்துல. அப்புறம்... அதுக முள்ளைச் சப்பிட்டு விரலை நக்கும் பாருங்க. அதைப் பார்த்துக்கிட்டிருந்தா நல்லாருக்கும் மதர்."

"அப்போ என்ன வயசு உனக்கு?"

"எட்டு இருக்கும்."

மதர் தெக்லா காலித் தாம்பாளத்தை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அஞ்சு அப்பம், ரெண்டு மீன். அத்தனை ஆயிரம் சனத்துக்குப் பங்கு வச்சாரே சேசு, அன்னைக்கு அவரு எப்போ சாப்பிட்டாரு?"

விண்ணரசி யோசித்தாள். கோயிலில் கேட்ட வாசகத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். புல்தரை வந்தது. பந்தி பந்தியாக உட்கார்ந்த சனம் வந்தது. மிஞ்சிய கூடைகள் வந்தன. அவர் சாப்பிட்டது மட்டும் எங்கேயும் வரவில்லை.

ஆனாலும் பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் வீட்டு ஆளைப் பற்றி யாரோ விசாரித்ததைப் போலச் சட்டென்று சொன்னாள்.

"கடைசியில."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

மதர் எழுந்து தாம்பாளத்தைக் கழுவப் போனார்.

"மதர்."

"ம்?"

"ஞாயித்துக்கிழமை என்னைய முதல்ல கூப்பிட்டுராதீங்க."

"ஏன்?"

"மத்தவளுக எல்லாரும் சொல்லி முடிக்கட்டும்."