மலைக்கோட்டைப் பயலுவ ஜெயிப்பானுவளா?

எங்கள் தூத்துக்குடி முத்துநகர் கூடைப்பந்து அணிக்கு ஆவுடையப்பன்தான் மாஸ்டர். அணியிலேயே மூத்த ஆட்டக்காரன் கஸ்பார் கொறைரா. மூத்தவன் என்றால் மாஸ்டரைவிடவே மூன்று வயது பெரியவன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாக ஆடினார்கள். அப்போது கஸ்பார் கேப்டன், ஆவுடையப்பன் புதுசாக வந்த பயல். பிறகு ஆவுடையப்பனுக்கு முழங்கால் போயிற்று. கையில் விசில் வந்தது.

விசில் வந்த அன்றிலிருந்து கஸ்பார் அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறான். மாஸ்டர் அவனை "அண்ணே" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. இதில் யார் குரு, யார் சீடன் என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எங்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. சந்தேகம் வந்தால் கஸ்பார் போய் நிற்பது அவர் முன்னால்தான்.

அந்த வருஷம் லீக் தொடங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்தது. அதற்குள் திருச்சி மலைக்கோட்டை அணியைப் பற்றிய பேச்சு ஊர் ஊராகப் பரவிவிட்டது. எல்லாம் இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள். டிவியைப் போட்டால் அவர்கள் முகம். எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டிலேயே அவர்கள் போஸ்டர். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இந்த வருஷக் கோப்பை அவர்களுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் எல்லாரையும்விட கஸ்பாருக்குத்தான் எரிச்சல் அதிகம்.

"மீசையே ஒழுங்கா முளைக்கல. அதுக்குள்ள கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரி செஞ்சிட்டானுவளாம்" என்பான் தண்ணீர் குடிக்கும்போது.

"டிவியில நல்லாத்தான் குதிக்கானுவ. டிவியில எதிராளி கிடையாதுல்லா" என்பான் ஷூவைக் கழற்றும்போது.

நாங்கள் சிரிப்போம். மாஸ்டர் சிரிக்கமாட்டார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் கஸ்பார் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"மாஸ்டர், மலைக்கோட்டைப் பயலுவளப் பத்தி இவ்வளவு பேசுதாவளே. நெசமா அவனுவ ஜெயிப்பானுவளா?"

"தண்ணி குடிச்சீயளா அண்ணே?"

"குடிச்சேன்."

"இன்னும் கொஞ்சம் குடிங்க. வெயிலு."

மறுநாளும் அதே கேள்வியோடு போனான். அதற்கு அடுத்த நாளும் போனான். அணியில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. "மாஸ்டர், அவனுவள எப்படி மடக்குறது?" என்று ஒவ்வொருவனாகப் போய்க் கேட்டான். எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. "பொறுங்கலே, சொல்லுதேன்." நாங்களும் பொறுத்துப் பார்த்தோம். அவர் சொல்கிற வழியாக இல்லை.

கஸ்பார் நாலாவது தடவை போனபோது மாஸ்டர் சொன்னார்: "சனிக்கிழமை காலைல மதுரைல அவனுவ கண்காட்சி ஆட்டம் ஆடுதானுவ. போயிட்டு வருவமா?"

இரண்டு பேரும் போனார்கள். அங்கே நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அதற்கு முன்னால் வலை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லீக் தொடங்குமுன் எங்கள் மைதானத்து வளையத்தில் புது வலை கட்டுவோம். அதைக் கட்டுவது அணியில் மூத்தவன் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. கோப்பை ஜெயித்த அணி இறுதி ஆட்டம் நடந்த வளையத்தில் ஏணி போட்டு ஏறி, வலையைக் கத்தரியால் அறுத்து எடுத்துக்கொள்ளும். அது லீக்கின் வழக்கம். கஸ்பார் கட்டிய வலைகள் நிறைய. அறுத்தது ஒன்றுகூட இல்லை. மூன்று இறுதி ஆட்டம் ஆடியிருக்கிறான். மூன்று தடவையும் வேறு ஒருவன் மேலே ஏற, இவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு தடவை அறுந்த நூல் ஒன்று இவன் தோளில் விழுந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போனான் என்று சொல்வார்கள். அவனிடமே கேட்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.

மதுரையில் கூட்டம் நெரித்தது. கஸ்பார் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மேல் வரிசையில் உட்கார்ந்தான். மாஸ்டர் காலை நீட்டிக்கொள்ள ஓரத்து இடத்தை அவருக்குக் கொடுத்தான்.

ஆட்டம் தொடங்கியதும் கஸ்பாரின் வாயும் தொடங்கியது.

"அந்த இடக்கைப் பயலப் பாருங்க. வலப்பக்கம் போகவே மாட்டேங்கான்."

"ம்."

"அந்த நெட்டையன் நல்லாக் குதிக்கான். ஆனா முன்னாடியே இடத்தப் பிடிச்சு நிக்கத் தெரியல."

"ம்."

"பத்துப் பாயிண்ட் கூட எடுத்ததும் ஒருத்தனும் திரும்பி ஓடி வரல பாத்தீயளா? இவனுவளுக்கா கோப்பை?"

"ம்."

மூன்றாம் கால் பகுதியில் அந்த இடக்கைப் பையன் பந்தோடு பாய்ந்தான். இரண்டு பேர் மறித்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை முதுகுக்குப் பின்னால் மூலைக்கு அனுப்பினான். மூலையில் ஒருவன் நின்றிருந்தான். பந்து வருமென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வாங்கினான், எறிந்தான், விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது.

கஸ்பார் எழவில்லை. அந்த மூலை அவன் இடம். எங்கள் அணியில் அவன் பல வருஷமாக நிற்கிற இடம் அதுதான்.

ஆட்டம் முடிந்ததும் மலைக்கோட்டைப் பையன் ஒருவன் இன்னொருவன் தோளில் ஏறினான். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்து வலையை அறுப்பதுபோல் காட்டினான். கூட்டம் கத்தித் தீர்த்தது.

"திமிரப் பாத்தீயளா? சீசனே தொடங்கல, வலைய அறுக்கான்" என்றான் கஸ்பார்.

"வாங்க, பஸ்ஸப் பிடிப்போம்" என்றார் மாஸ்டர்.

அருப்புக்கோட்டையில் பஸ் டீக்கு நின்றது. கஸ்பார் கிளாஸை வாங்கிக்கொண்டு, பார்த்த குறைகளையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னான். மாஸ்டர் முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொன்ன கொறை எல்லாம் நெசம் அண்ணே."

"அப்ப வெறும் சத்தந்தான. ஜெயிக்க மாட்டானுவ."

"அந்தப் பாஸும் நெசம்லா."

கஸ்பார் டீயை ஊதினான். அது எப்போதோ ஆறிப்போன டீ.

"அந்தப் பாஸ் போனப்ப உங்க கை விரிஞ்சுது அண்ணே."

"எந்தக் கை?"

"ரெண்டும். பந்து வாங்குற மாதிரி."

கஸ்பார் தன் கைகளைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

"மலைக்கோட்டைக்காரங்க உங்கள எப்பக் கூப்பிட்டாவ?" என்று கேட்டார் மாஸ்டர்.

கஸ்பாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வாரம் ஆச்சு. சின்னப் பயலுவளா இருக்கானுவ, நெருக்கடில நிதானமா ஆட ஒரு பெரியாளு வேணும்னாவ. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். வீட்டுல அவ கிட்டகூடச் சொல்லல. உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நான் எங்க சொன்னேன்?"

"மத்தவனுவ எல்லாம், அவனுவள எப்படி மடக்குறதுன்னு எங்கிட்டக் கேட்டானுவ. நீங்க ஒரு ஆளுதான், அவனுவ ஜெயிப்பானுவளான்னு கேட்டீய."

கஸ்பார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தலையில் நரை நிறைய இருந்தது.

"எனக்கு அந்த வலை வேணும் மாஸ்டர்" என்றான். "சொல்லவே வெக்கமா இருக்கு. சின்னப்புள்ள மிட்டாய் கேக்க மாதிரி இருக்கு. ஆனா வேணும். ஒரே ஒரு தடவை ஏணில ஏறி, என் கையால அறுக்கணும். இந்த வருஷம் விட்டா எனக்குக் காலு கிடையாது."

மாஸ்டர் காலி கிளாஸை உள்ளங்கையில் உருட்டினார்.

"அவனுவளப் பத்திப் பேசுதது எல்லாம் பொய்யின்னா, நான் நிம்மதியா இங்கனயே இருந்துருவேன். நெசம்னு வைங்க. நான் போகாம இருந்து, அவனுவ ஏறி அறுக்கையில நாலாவது தடவையும் நான் கீழ நின்னேன்னா, அத என்னால தாங்க முடியாது. அதான் தெனமும் வந்து கேக்குதேன். உங்களுக்கு ஆட்டம் தெரியும். அவனுவ தோத்துருவானுவன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இருந்துருதேன்."

மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவனுவ தோப்பானுவன்னு நம்பி எங்கூட இருக்க ஆளு எனக்கு வேண்டாம் அண்ணே."

"அப்பப் போகச் சொல்லுதீயளா?"

"பஸ்ஸ எடுக்கப் போறான். வாங்க" என்றார் மாஸ்டர்.

கோபமோ வருத்தமோ, கஸ்பார் எட்டயபுரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். ஆனால் ஓரத்து இடத்தை அப்போதும் மாஸ்டருக்குத்தான் விட்டிருந்தான். அவர் காலை நடைபாதையில் நீட்டி வைத்திருந்தார். வெளியே உடைமரக் காடாக ஓடியது.

"உங்களுக்கு வேண்டாமா மாஸ்டர், அந்த வலை?" என்று திடீரென்று கேட்டான்.

மாஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு ஏணி ஏற முடியாதே அண்ணே. யாராவது ஏறுனா, கீழ நின்னு பிடிச்சிக்கிடணும்னு ஆசைதான்."



திங்கட்கிழமை காலையில் புது வலை கட்டும் நாள். நாங்கள் எல்லாரும் மைதானத்தில் நின்றோம். ஏணி வளையத்துக்கடியில் தயாராக இருந்தது. வலை மாஸ்டர் மடியில் கிடந்தது. கஸ்பாரைக் காணவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

"நான் ஏறிக் கட்டட்டுமா மாஸ்டர்? பயிற்சிக்கு நேரமாவுது" என்றான் எங்களில் ஒருவன்.

"மூத்தவரு வரட்டும்."

"வரலன்னா?"

"வலை இல்லாத வளையத்துலயும் பந்து விழும்லே. எறிஞ்சு பழகுங்க" என்றார் மாஸ்டர். ஆனால் மடியிலிருந்த வலையை அவர் விரல்கள் பிசைந்துகொண்டே இருந்தன. அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் எறிந்து பழகினோம். வலை இல்லாமல் பந்து விழுந்தால் சத்தமே வராது. விழுந்ததா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். அப்படி ஒரு சோர்வான காலையை நாங்கள் பார்த்ததில்லை.

கடைசியில் கஸ்பார் வந்தான். உடனே உள்ளே வரவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசினான். என்ன பேசினான் என்பது கேட்கவில்லை. நெடுநேரம் அந்தப் பக்கத்து ஆள்தான் பேசியிருக்க வேண்டும். இவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். போனைப் பைக்குள் போட்டான். ஜிப்பை இழுத்து மூடினான்.

நேரே வந்து மாஸ்டர் மடியிலிருந்து வலையை எடுத்துக்கொண்டான். ஏணியில் ஏறினான்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டே போய் ஏணியைப் பிடித்தார். நான் பிடிக்கிறேன் என்று ஒருவன் முன்னால் போனான். அவர் அவனைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டார்.

கஸ்பார் ஒவ்வொரு கொக்கியாக மாட்டினான். எப்போதும் பேசிக்கொண்டே கட்டுகிறவன், அன்று பேசவில்லை. கடைசிக் கொக்கி வந்ததும் கை நின்றுவிட்டது. வலையின் நூலை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி வெறுமனே நின்றான். கத்தரி பிடிக்கிற மாதிரிதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அவன் அந்தப் பக்கமே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. நாங்களும் அவனைப் பார்க்க முடியாமல் ஆளாளுக்கு ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தோம்.

பிறகு கடைசி நூலையும் மாட்டினான். வலை காற்றில் ஆடியது.

"மாஸ்டர்" என்றான் மேலிருந்து.

"சொல்லுங்க அண்ணே."

"அந்த இடக்கைப் பயல எப்படி மடக்குறது?"

மாஸ்டர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இறங்கி வாங்க அண்ணே. நீங்க கேக்கட்டும்னுதான் இன்னும் ஒருத்தனுக்கும் சொல்லாம வச்சிருக்கேன்."