ஒரு கட்டு அகத்திக்கீரை

"சாமி, பொழுது சாய்ஞ்சா எனக்கு உலகமே மூடிப்போகுது" என்றாள் ஆவுடையம்மாள்.

பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிவிட்டு, ஆற்றங்கரை மடத்துக்குத் தொண்டு செய்ய வந்தவள் அவள். மடத்துக் குருசாமிக்கு அவளுடைய மூத்த மகன் வயதுதான். ஆனாலும் அவர் முன்னால் உட்கார மாட்டாள்.

"நேத்து மாடவிளக்குக்கு ஊத்துன எண்ணெய் தரையில ஓடுது. நடந்து வந்த செவலைப் பசு மேலேயே போய் முட்டிக்கிட்டேன்."

"செவலை என்ன சொல்லிச்சு?"

"அது ஒதுங்கிப் போயிட்டு. மாட்டுக்கு இருக்கிற பார்வை எனக்கு இல்ல சாமி."

"மாடு என்ன சாப்பிடுது?"

"தினம் ஒரு கட்டு அகத்திக்கீரை. என் கையாலதான் கொடுக்கேன். புண்ணியமாச்சே."

"நீங்க?"

"உப்புக்கஞ்சி."

சாமி அவள் இடுப்பிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்தார்.

அவளுக்கே பொறுக்கவில்லை.

"சாமிக்குத் தெரியாதா? எம்மக கோமுவுக்கு மூணு வருசம் பிள்ளை இல்ல. அவ வயித்துப் பேரப்பிள்ளை முகம் பார்க்கிறவரைக்கும் கீரை, காய், பால், நெய் எதையும் தொட மாட்டேன்னு அம்மன்கிட்ட நேர்ந்துக்கிட்டேன். இப்ப அவளுக்கு அஞ்சு மாசம்."

"நல்லது."

"என்ன நல்லது? முகம் பார்க்கிற அன்னைக்கு எனக்குக் கண்ணு இருக்குமா?"

"நேர்த்தியை விட்டுரலாமே?"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ! எம்மகளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

சாமி தலையாட்டினார்.

ஆவுடையம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கடிதாசியை எடுத்தாள்.

"கோமு போட்டிருக்கா. மத்தியானமே வந்தது. மடத்து வேலையில மறந்து போச்சு. இப்ப எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

சாமி படித்தார்.

"அம்மா, நான் சுகம். பிள்ளை உதைக்கிறான். சாயங்காலமானால் உனக்குக் கண் தெரியவில்லை என்று பெரியண்ணன் வந்து சொன்னான். எல்லாம் எனக்காகத்தானே? உன் கண் தெளியும்வரை நானும் கீரை, காய், பால், நெய் தொடுவதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள் கஞ்சி. நீ கவலைப்படாதே."

ஆவுடையம்மாள் முதல் தடவையாக அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி! வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு வெறுங்கஞ்சியா? யாருடி உன்னைக் கேட்டா?"

சாமி கடிதாசியை மடித்தார்.

"முருங்கைக்கீரையும் பரங்கிக்காயும் பாலும் நெய்யும் உள்ளே போனாத்தானே பிள்ளைக்குக் கண்ணு துலங்கும் சாமி? இதுகூடவா அந்தக் கழுதைக்குத் தெரியாது? நாலு பிள்ளை பெத்தவ நான், எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எழுதுங்க சாமி. இப்பவே பதில் எழுதுங்க."

சாமி பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்க."

"நேர்த்தி போதும், இன்னைக்கே விட்டுருன்னு எழுதுங்க."

எழுதினார்.

"அம்மன் கோவிச்சுக்கிட்டா?" என்று கேட்டார் சாமி.

"அவ ஏன் கோவிக்கா? அவளும் பெத்தவதானே? பிள்ளை வாடிக் கிடக்கிறதைப் பார்த்து எந்தப் பெத்தவளுக்கு மனசு குளிரும் சாமி? ஒருவாய் கீரைச்சோறு தின்னா அவளுக்குச் சந்தோசந்தான். அதையும் எழுதுங்க."

சாமி ஒரு சொல் விடாமல் எழுதினார். மை காய ஊதினார். தாளை மடித்து உறையில் போட்டார்.

"விலாசம் யாருக்குப் போட, அம்மா?"

ஆவுடையம்மாளின் கை இடுப்பிலிருந்த கீரைக்கட்டைத் தொட்டது.



தொழுவத்தில் செவலை கத்தியது.

அவள் எழுந்து போய்க் கீரைக்கட்டை அவிழ்த்தாள். பாதியைச் செவலைக்குப் போட்டாள். மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அடுப்படிக்கு நடந்தாள்.