பேச்சுக்கு எண்ணெய்

ஒரு ஊரு இருந்துச்சாம். சும்மா ஊரில்ல, ராஜா இருக்கிற ஊரு, அரண்மனை இருக்கிற ஊரு, அரண்மனைக்கு அடுத்தாப்புல ராஜாவோட செக்கு இருக்கிற ஊரு. டேய், செக்குன்னா தெரியுமில்ல? பெரிய உரல் மாதிரி இருக்கும், நடுவுல உலக்கை நிக்கும், மாடு சுத்திச் சுத்தி வரும், எள்ளைப் போட்டா எண்ணெய் வடியும். செக்கு ராஜாவுதுன்னுதான் பேரு, ஆனா ஊருக்கே பொது. ராஜாவோட தாத்தாவுக்குத் தாத்தா சொல்லிட்டுப் போனாராம், பொழுது சாஞ்சா ஏழை வீட்டுலயும் ஒரு விளக்கு எரியணும், உழக்கு எண்ணெய், அதான் கால் படி, ஒரு காசுக்கு மேல விக்கக் கூடாதுன்னு. அதே மாதிரி ஒரு காசுக்கே வித்துக்கிட்டு இருந்தாங்களாம்.

அந்தச் செக்கைப் பாத்துக்கிட்டவ பேரு செம்பாயி. ஆளு குச்சியா இருப்பா, குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேக்கும். மயிலைன்னு ஒரு கிழட்டுக் காளை வச்சிருந்தா. எள்ளு ஆட்டுறப்ப கருப்பட்டி போடுவாங்கல்ல, ஒரு துண்டு எள்ளுக்குப் போட்டா, ஒரு துண்டு மயிலை வாயில போடுவா, ஒரு துண்டு அவ வாயில போட்டுக்குவா. மயிலைன்னா அவளுக்கு உசுரு. புருசன் செத்த அன்னைக்குக்கூட அந்த மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டுத்தான் அழுதாளாம்.

ம் கொட்டுறது யாரு? ஒருத்தியும் ம் கொட்டல. ஆங், அப்படி.

அந்த ஊர்ல ஒரு சபை. ராஜா நடுவுல உக்காருவாரு, சுத்தி எட்டு மந்திரி. முன்ன ஒரு காலத்துல அந்த மந்திரிங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்களாம். சோறு ஆறிப்போகும், ராஜாவுக்குக் கால் மரத்துப்போகும். அதனால அந்தத் தாத்தாவுக்குத் தாத்தா மூணு சட்டம் போட்டாரு. பேசறவன் கையில ஒரு விளக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசணும், அணைஞ்சா உக்காந்துரணும், அது முதல் சட்டம். விளக்கு எரியிற வரைக்கும் பேசறவன் வாயை மூடக் கூடாது, எண்ணெய் ராஜா செலவாச்சே, வீணாகலாமா, அது ரெண்டாவது சட்டம். பேச்சு விளக்கு எங்க எரிஞ்சாலும் ராஜா எதிர்ல உக்காந்து முழுசாக் கேட்டே தீரணும், எந்திரிச்சுப் போகக் கூடாது, அது மூணாவது சட்டம். இப்ப இருந்த ராஜா ரொம்ப நல்ல மனுசன். கொஞ்சம் தூங்குமூஞ்சி, ஆனா தாத்தா சொன்ன சொல்லை மட்டும் தட்டவே மாட்டாரு. சபையில தூக்கம் வந்தா தொடையைக் கிள்ளிக்கிட்டுக் கேப்பாராம் பாவம்.

அந்தப் பேச்சு விளக்குக்கு எண்ணெய் செக்குல இருந்துதான் போகும். மந்திரியோட ஆளு ஒரு ஓலையைக் கொண்டாருவான், அதுல "பேச்சுக்கு"ன்னு எழுதியிருக்கும், செம்பாயி ஊத்திக் குடுத்துருவா. முதல்ல ஒரு கரண்டி வாங்கிட்டுப் போனாங்களாம், அப்புறம் ஒரு படி, அப்புறம் ஒரு குடம். இப்ப தெனம் தெனம் குடம் குடமாப் போகுது. சபை கூடறது மாசத்துல நாலே நாளு! செம்பாயி கேக்கலையான்னா, கேக்கலை. சபைன்னா பேசத்தானே செய்வாங்க, நமக்கென்ன தெரியும்னு அவளும் ஊத்திக் குடுத்துட்டா. அது அவ செஞ்ச தப்பு. தப்பைத் தப்புன்னுதான் சொல்லணும், நமக்குப் பிடிச்சவ செஞ்சாலும்.

ஒருநாளு பெரிய மந்திரி வாகீசம் விளக்கைக் கையில பிடிச்சு எந்திரிச்சானாம். நல்ல வாட்டசாட்டமான ஆளு, தேனா ஒழுகுற குரலு. "மகாராஜா, நம்ம செக்கு நட்டத்துல ஓடுது. நூறு மூட்டை எள்ளு உள்ள போகுது, கையில வர்ற காசு அம்பது மூட்டைக்குத்தான் இருக்கு. கஜானாவுல இருந்து எடுத்து எடுத்துச் செக்குல கொட்டுறோம். இப்படியே போனா அரண்மனைக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காசு இருக்காது. பேசாம வித்துப்புடலாம். வாங்கிக்கிறதுக்கு என் மச்சினன் சீனிக்கண்ணு தயாரா இருக்கான், பாவம், ராஜாவுக்காக"ன்னானாம்.

ராஜா பதறிப்போயிட்டாரு. "அய்யய்யோ, பாதியா நட்டம்? சரி, மூணு நாளு சபையில பேசுங்க. மாத்திச் சொல்ல ஆளில்லைன்னா நாலாம் நாளு வித்துரலாம்"னு சொல்லிட்டாரு.

அன்னைக்கே அந்தச் சீனிக்கண்ணு செக்கடிக்கு வந்துட்டான். உலக்கையைத் தட்டிப் பாத்தான், குடத்தை எண்ணிப் பாத்தான், மயிலையோட வாயைப் பிளந்து பல்லைப் பாத்தான். "இது இனி கறிக்குத்தான் ஆகும். எண்ணெய் இனிமே உழக்கு மூணு காசு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டான். செம்பாயி ஓடிப்போயி மாட்டுப் பக்கத்துல நின்னா. மயிலை கழுத்தைத் தடவிக்கிட்டு, "நான் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்டா ராசா"ன்னு சொன்னாளாம், ஆனா எப்படின்னு அவளுக்கே தெரியலை.

அரண்மனை வேலைக்காரங்க யாரா இருந்தாலும் தன் வேலையைப் பத்திச் சபையில பேசலாம். அதனால முத நாளு செம்பாயி போனா. மந்திரியோட ஆளு திரி போட்டு விளக்கைக் குடுத்தான். இவ அதைப் பிடிச்சுக்கிட்டு, "மகாராசா, பாதி எண்ணெய்..."னு ஆரம்பிச்சா. புஸ்ஸுன்னு அணைஞ்சு போச்சு! "உக்காரு உக்காரு"ன்னு எட்டு மந்திரியும் கத்துனாங்க. உக்காந்துட்டா.

ரெண்டாம் நாளும் போனா. அதே ஆளு, அதே விளக்கு. "மகாராசா, பாதி எண்ணெய் இந்தச் சபையோட..."ன்னா. புஸ்! "உக்காரு உக்காரு." விளக்கைத் திருப்பிக் குடுக்கறப்பத் தொட்டுப் பாத்தா, திரி நனைஞ்சிருக்கு, தண்ணியில! எண்ணெய்க்காரிக்கே ஈரத்திரி குடுத்திருக்கான் பாருங்க, என்ன கொழுப்பு இருக்கணும்!

வயித்தெரிச்சலோட செக்குக்கு வந்தா, அங்க ஒரு ஓலை காத்துக்கிட்டு இருக்கு. "பேச்சுக்கு, ரெண்டு குடம், வாகீசம் வீட்டுக்கு உடனே." ஆளு கிடைக்கலை, இவளே வண்டியில ஏத்தி மயிலையைப் பூட்டிக்கிட்டுப் போனா. அங்க அடுப்படியில மந்திரி பொண்டாட்டி கோமளம் அண்டா நிறைய எண்ணெய் காய வச்சு முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கா. நல்ல மனசுக்காரி, ஒரு கள்ளங்கபடம் தெரியாது. "வா செம்பாயி, வெயில்ல வந்திருக்கே, சூடா ரெண்டு முறுக்கு தின்னு"ன்னு தட்டுல போட்டுக் குடுத்தாளாம்.

செம்பாயி முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, "ஏம்மா, அய்யா வீட்டுலயும் ரொம்பப் பேசுவாகளோ?"ன்னு கேட்டா.

"யாரு, அவரா! வீட்டுக்குள்ள வந்தா வாயே திறக்க மாட்டாரு. சாப்பிட வாங்கன்னாலும் ம், படுங்கன்னாலும் ம். நான்தான் சுவரோட பேசிக்கிட்டுக் கிடக்கேன். பேச்செல்லாம் அந்தச் சபையோட சரி."

செம்பாயி கண்ணை ஓட்டிச் சுத்திலும் பாத்தாளாம். கூடம் நிறைய சால், அதான் பெரிய பெரிய மண்பானை. மூணு இல்ல, முப்பது இல்ல, நாப்பது சால், விளிம்பு வரைக்கும் எண்ணெய். அவளுக்குக் கோவம் வந்துச்சு, அழுகை வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துச்சு. மிச்ச முறுக்கை முந்தானையில முடிஞ்சு மயிலைக்குக் கொண்டுபோனா.

மூணாம் நாளு. கடைசி நாளு. அன்னைக்கு விட்டா மயிலை கறிக்கடைக்குப் போயிரும், ஊரு இருட்டாப் போயிரும். செம்பாயி சபைக்குப் போனா, மந்திரியோட ஆளு விளக்கை நீட்டுனான். "வேணாம் தம்பி, நீயே வச்சுக்க"ன்னுட்டா. "விளக்கு இல்லாமப் பேசக் கூடாது!"ன்னு எட்டு மந்திரியும் குதிச்சாங்க.

"நான் எங்க பேசறேன்? கேள்விதான் கேக்கப் போறேன்"னாளாம்.

ராஜா சட்ட ஓலையைப் புரட்டிப் பாத்தாரு. பேசறதுக்குத்தான் விளக்கு வேணும்னு இருக்கு, கேக்கிறதுக்கு ஒண்ணும் எழுதலை. ஏன் எழுதலைன்னா, அந்தச் சபையில அதுவரைக்கும் ஒருத்தரும் கேள்வியே கேட்டதில்லையாம்! "சரி, கேளு தாயி"ன்னாரு.

"மந்திரி அய்யா, பேச்சுக்குன்னு ஓலை குடுத்து எண்ணெய் வாங்குறீகளே, அது பேச்சுக்குத்தானா?"

வாகீசம் யோசிச்சான். இல்லைன்னா திருட்டு ஆயிருமே. "ஆமா, பேச்சுக்கேதான். வீட்டுல தெனமும் பேசிப் பழகுறேன். நாட்டுக்காக உழைக்கிறவன் பழக வேணாமா?"ன்னான்.

"அப்ப உங்க வீட்டுல எரியிறதும் பேச்சு விளக்குதானே?"

"ஆமா, பேச்சு விளக்குதான்."

செம்பாயி ராஜா பக்கம் திரும்புனா. "மகாராசா, பேச்சு விளக்கு எங்க எரிஞ்சாலும் நீங்க எதிர்ல உக்காந்து கேக்கணும்னு உங்க தாத்தாவுக்குத் தாத்தா சொல்லியிருக்காரே. மந்திரி வீட்டுப் பேச்சை எல்லாம் கேட்டீகளா?"

அவ்வளவுதான்! ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. "அய்யோ, நான் ஒருநாளும் கேக்கலையே! தாத்தா சட்டத்தை மீறிட்டேனே! இன்னும் எவ்வளவு பேச்சு பாக்கி இருக்கு?"

"நாப்பது சால் இருக்கு மகாராசா"ன்னா செம்பாயி.

"கிளம்புங்க! இப்பவே போயி மிச்சத்தையாவது கேக்கணும்"னு ராஜா கிரீடத்தைச் சரி பண்ணிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. பின்னால ஏழு மந்திரி, அவங்களுக்குப் பின்னால செம்பாயி, அவளுக்குப் பின்னால மயிலை, மயிலைக்குப் பின்னால ஊரே போகுது. வாகீசமும் கூடவே போறான்.

ராஜா போயி கூடத்துல சம்மணம் போட்டு உக்காந்தாரு. முதல் சாலைத் திறந்து விளக்குல ஊத்துனாங்க, திரி போட்டது செம்பாயி, நல்ல காஞ்ச திரி. "பேசுப்பா"ன்னாரு ராஜா.

வாகீசம் பேசுனான். முத நாளு முழுக்க நட்டத்தைப் பத்திப் பேசுனான், தேனா ஒழுகுச்சு. எண்ணெய் குறையக் குறைய செம்பாயி ஊத்துனா. ரெண்டாம் நாளு குரல் கம்மிப்போச்சு. மழையைப் பத்திப் பேசுனான், முறுக்கைப் பத்திப் பேசுனான், மூணு தலைமுறைப் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் சொன்னான். கோமளம் ஆசையா முன்னால வந்து உக்காந்து கேட்டாளாம், கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு இவ்வளவு பேசி அவ கேட்டதே இல்லையாம். மூணாம் நாளு பேச ஒண்ணுமே இல்லை. வாயை மூடலாம்னா ரெண்டாவது சட்டம் விடாது. கைவசம் இருந்த பொய்யெல்லாம் தீந்துபோச்சு, கண்ணு, இனி வாயைத் திறந்தா உண்மைதான் வருது!

"எண்ணெயை நான்தான் எடுத்தேன்"னான். "பாதியைச் சீனிக்கண்ணுகிட்டக் குடுத்துப் பக்கத்து ஊர்ல வித்தேன்"னான். "நட்டத்தை நானே உண்டாக்கிட்டு, செக்கு கைக்கு வந்தா வர்ற லாபத்துல பாதி எனக்குன்னு பேசிக்கிட்டோம். ஈரத்திரி போடச் சொன்னதும் நான்தான்"னு சொல்லி ஓன்னு அழுதான். அப்பத்தான் மூணாவது சாலும் தீந்து விளக்கும் அணைஞ்சுது. மூணு நாளும் ராஜா தூங்கவே இல்லையாம், தொடை ரெண்டும் கன்னிப்போயிருந்துச்சாம்.

ராஜா எந்திரிச்சாரு. கோவத்தைவிட அவருக்கு மனசு வலிச்சிருச்சு. "வாகீசம், உன் குரலை நம்பித்தானே இத்தனை வருசம் உக்காந்திருந்தேன்"னாரு. அப்புறம் தீர்ப்புச் சொன்னாரு. "இன்னும் முப்பத்தேழு சால் பாக்கி இருக்கு. தெனமும் சாயங்காலம் நீ செக்கடியில விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். 'ராஜா செக்கு எண்ணெய், உழக்கு ஒரு காசு'ன்னு கூவணும், விளக்கு அணையிற வரைக்கும். ஒரு சால் தீர எத்தனை நாளானாலும் சரி. சீனிக்கண்ணு வித்த எண்ணெய்க்கான காசைக் கஜானாவுல கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் மயிலைக்கு ஓய்வு, நுகத்தடியில அவன் நிக்கட்டும்"னாரு.

செம்பாயி கையெடுத்துக் கும்பிட்டா. கும்பிட்டுட்டு, "மகாராசா, இன்னும் ஒரே ஒரு கேள்வி"ன்னா. ஏழு மந்திரிக்கும் முகம் வெளுத்துப் போச்சு, அவனவன் வீட்டுக் கூடம் அவனவனுக்குத்தானே தெரியும். ராஜா கை காட்டி நிறுத்தினாரு. "நீ கேக்கப் போறது எனக்குத் தெரியும் தாயி. முதல்ல என் அடுப்படிக்குப் போவோம், வா"ன்னாரு. போயிப் பாத்தா அங்க ஏழு சால்! ராணி காசு குடுக்காம வாங்கித் தலைக்குத் தேய்க்க வச்சிருந்தாளாம். ராஜா தன் கழுத்துச் சங்கிலியைக் கழட்டிச் செம்பாயி கையில குடுத்தாரு, ஏழு சாலுக்கும் விலைன்னு. அதைப் பாத்துட்டு ராத்திரியோட ராத்திரியா ஏழு மந்திரியும் எண்ணெயைத் தூக்கிட்டு வந்து செக்கடியில வரிசையில நின்னாங்களாம்.

அடுத்த மாசமே செக்குல லாபம். சீனிக்கண்ணு சுத்திச் சுத்தி வந்தான், மயிலை வேப்பமரத்து நிழல்ல படுத்து அசை போட்டுக்கிட்டே அவனைப் பாத்துச்சு. இளகின மனசுக்காரி செம்பாயி, தெனமும் அவன் வாயிலயும் ஒரு துண்டு கருப்பட்டி போட்டாளாம்.

அதனால கண்ணுகளா, ஊருக்குப் பொதுவான ஒண்ணு நட்டத்துல ஓடுது, வித்துப்புடலாம்னு எவனாவது தேனா ஒழுகப் பேசுனா, முதல்ல அவன் அடுப்படியில என்ன வேகுதுன்னு போயிப் பாக்கணும். அப்புறம் மறக்காம நம்ம அடுப்படியையும் பாக்கணும்.

சாலும் காலியாச்சு, திரியும் கருகிப்போச்சு, சொல்ல என்கிட்டயும் ஒரு சொட்டு மிச்சமில்ல. காலை நீட்டிப் படுங்க.